கடைசிப் பெயர் கட்டாயம்

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். மறுநாளே, வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேர்த்துக் கணக்கெடுக்கப்படும் என்று ஒன்றிய அமைச்சரவை முடிவு செய்தது. நான் இரண்டையும் வரவேற்றேன். துறையில் உடன் ஆய்வு செய்யும் நண்பர் விடவில்லை. "ஒருநாள் சாதியை எடுங்கறீங்க, மறுநாள் எழுதுங்கறீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க தோழர்" என்றார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் இது அவர் ஒருவருடைய கேள்வி இல்லை. பள்ளிச் சான்றிதழில் சாதி கேட்பதை நிறுத்திவிட்டால் சாதி ஒழிந்துவிடும் என்று சொல்கிற எல்லோரும், இடஒதுக்கீட்டுப் பேச்சு வரும்போதெல்லாம் கேட்கிற கேள்வி. டீக்கடையில் ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் படிவங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முனைவர் பட்ட ஆய்வாளரின் வாழ்க்கையில் பாதி, படிவம் நிரப்புவதில் போகிறது. உதவித்தொகை, கருத்தரங்கு, பயண நல்கை, ஆய்விதழ் என்று எல்லாமே இணையப் படிவம்தான். முதல் பெட்டி 'முதல் பெயர்'. இரண்டாவது பெட்டி 'கடைசிப் பெயர்', பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்: கட்டாயம். எனக்கு இருப்பது ஒரே பெயர். முன்னால் அப்பா பெயருக்கு ஓர் எழுத்து. (அம்மாவின் எழுத்து ஏன் இல்லை என்று என் இணையர் கேட்கிறார். நியாயமான சண்டை, தனியாக எழுத வேண்டியது.) பெட்டியைக் காலியாக விட்டால் படிவம் நகராது. புள்ளி வைத்தால் ஏற்காது. ஓர் எழுத்து மட்டும் போட்டால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்கிறது. கடைசியில் அப்பாவின் முழுப் பெயரைப் போடுகிறேன். அதற்குப் பிறகு வருகிற கடிதமெல்லாம் 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கி அப்பாவின் பெயருக்குத்தான் வருகிறது. எட்டாம் வகுப்போடு நின்று செங்கல் சூளைக்குப் போனவரை இதுவரை மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கட்டுரை வாசிக்க அழைத்திருக்கின்றன. அவரிடம் சொன்னேன். "கூலி எவ்வளவு தர்றாங்களாம்?" என்று கேட்டார்.

எங்களுக்கு இது சிரிப்பு. பிழைக்கப் போகிறவர்களுக்குச் சிரிப்பு இல்லை. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. விமான நிறுவனங்கள் சுற்றறிக்கை விட்டன. சில நாளில், கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். துபாய் போகிற தமிழர்களில் எத்தனை பேருக்குக் 'குடும்பப் பெயர்' உண்டு? அந்தப் பெட்டியை வடிவமைத்தவருக்கு, அது காலியாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு என்பது தெரிய வாய்ப்பில்லை.

வரலாறு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. தலைமை தாங்கியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெரியார் தன் 'நாயக்கர்' பட்டத்தை அதற்கு முன்பே விட்டிருந்தார். அந்த மாநாட்டு மேடையில் தொடங்கியது, இரண்டு தலைமுறையில் ஒரு மாநிலத்தின் வழக்கமாகவே ஆகிவிட்டது. வட மாநில நண்பர்களிடம் இதைச் சொன்னால் வியப்பாகப் பார்க்கிறார்கள். பெயரைக் கேட்டவுடன் சாதி தெரியாத ஊர் ஒன்று இந்தியாவில் இருக்க முடியுமா என்கிறார்கள்.

அந்தப் பெருமையைப் பேசும்போது நாம் விழுங்கிவிடுகிற ஒன்று உண்டு. வெட்டுவதற்கு எல்லோருக்கும் வால் இருக்கவில்லை.

என் ஆய்வுக்காகப் பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளையும் நில ஆவணங்களையும் புரட்டுகிறேன். முதலியார், கவுண்டர் எல்லாம் 'ஆர்', 'அர்' விகுதியோடு இருக்கிறார்கள். அதே பக்கத்தில் எங்கள் ஆட்கள் 'அன்' விகுதியில்: பறையன், பள்ளன், சக்கிலியன். ஒருவருக்குப் பட்டம், இன்னொருவருக்குச் சூடு. சாதியைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் பெயரைப் பார்த்தாலும் அதே கதைதான். ஊர்த்தெருப் பிள்ளையின் பெயரைச் சேரிப் பிள்ளைக்கு வைக்க முடியாது. வைத்தாலும் கூப்பிட மாட்டார்கள். என் பாட்டியின் தம்பி பெயர் குப்புசாமி. ஊருக்குள் அவர் சாகும்வரை குப்பன். 'சாமி' என்று வாயால் சொல்ல ஊருக்கு மனம் வரவில்லை.

ஆக, 1929 தீர்மானம் ஒரு பக்கத்தாரிடம் சொத்தை விடச் சொன்னது. இன்னொரு பக்கத்தாருக்கு அது தந்தது வேறு: ஒரு சிறிய அவகாசம். புது ஊரில், புது அலுவலகத்தில், யாரையாவது சந்தித்த முதல் ஐந்து நிமிடம் வெறும் ஆளாக இருக்கும் அவகாசம். முன்னெழுத்தும் ஒற்றைப் பெயருமாக என் தலைமுறை பெற்ற பரம்பரைச் சொத்து என்று ஒன்று இருந்தால் அது இந்த ஐந்து நிமிடம்தான்.

அதன் மதிப்பைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. படிப்பு மாறவில்லை, பெயர்தான் மாறியது. இன்று பல நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் சலிப்பது மென்பொருள். நேற்றைய அதிகாரிகள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் படித்துத்தான் அது தேறுகிறது என்றால், அது எதைக் கற்றிருக்கும் என்று சொல்ல முனைவர் பட்டம் தேவையில்லை.

பெயரில் கிடைக்காததை வேறு வழியில் கேட்டு வாங்குவார்கள் என்பது சென்னையில் வீடு தேடிய எவருக்கும் தெரியும். "சொந்த ஊர் எது தம்பி?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "குலதெய்வம் எது?" "அசைவம் சமைப்பீங்களா?" இவை பழைய கேள்விகள். சமாளிக்கப் பழகியிருந்தோம். இப்போது கேட்பதே இல்லை. "ஆதார் காப்பியை வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க" என்கிறார்கள். என் ஆதாரில் முகவரியின் மூன்றாவது வரியில் 'காலனி' என்று இருக்கிறது. அனுப்பியதும் இரண்டு நீல டிக் விழும். பிறகு பேச்சு இருக்காது. கொஞ்சம் நாகரிகம் உள்ளவர்கள், "சொந்தக்காரப் பையன் வர்றதாச் சொல்லிட்டான்" என்று எழுதுவார்கள். நான்கு வீட்டுக்கு அனுப்பினேன். நாலு பேருக்கும் சொந்தக்காரப் பையன் வந்துவிட்டான்.

இதைச் சொன்னால், "சென்னையில் ரயில்வே காலனி இல்லையா, வங்கி ஊழியர் காலனி இல்லையா, அது வெறும் இங்கிலீஷ் சொல்தானே" என்று விளக்கம் தருகிறார்கள். உண்மைதான். நகரத்துக் காலனிக்கு முன்னால் ஒரு வேலையின் பெயர் இருக்கும். எங்கள் காலனிக்கு முன்னால் ஊரின் பெயர் இருக்கும். ஊர் வேறு, காலனி வேறு என்பதைத்தான் அந்த முகவரி சொல்கிறது. தபால்காரருக்கு வழி சொல்ல உருவான வரி, இன்று வீட்டுக்காரருக்கு வழி சொல்கிறது. அதனால்தான் ஏப்ரல் 29 அறிவிப்பை வரவேற்றேன். ஆனால் சட்டமன்றத்தில் நீக்கிய சொல் என் ஆதாரிலிருந்து தானாக உதிராது. மாற்றப் போனால் முகவரிச் சான்று கேட்கிறார்கள். என்னிடம் இருக்கும் சான்று ரேஷன் அட்டை. அதிலும் அதே சொல்.

ஏப்ரல் அறிவிப்புக்குப் பிறகு, 2025 அக்டோபரில் தெருக்கள், சாலைகள், குடியிருப்புகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. அதே வாரம், அக்டோபர் 9 அன்று, கோவை அவினாசி சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. சாதிப் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு நாயுடுவை வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். 'நாயுடு'வை எடுத்துவிட்டால் ஆள் யாரென்றே தெரியாது என்று பதில் வந்தது. ஜி.டி. நாயுடு பெரிய கண்டுபிடிப்பாளர். பாலத்துக்கு அவர் பெயர் வைத்ததில் எனக்குக் குறை இல்லை. என்னை உறுத்தியது அந்தப் பதில்தான். இது புதிதும் இல்லை. 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொல்லி ஆணை வந்தது. தியாகராய நகரின் ஜி.என். செட்டி சாலை, பலகையில் ஜி.என். சாலை ஆனது, வாயில் இன்னும் செட்டி ரோடுதான். 2021-இல் பாடநூல்களில் உ.வே. சாமிநாதையரின் பெயரிலிருந்து 'ஐயர்' எடுக்கப்பட்டபோது, வரலாற்றைத் திரிக்கிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. பட்டம் பெயரோடு ஒட்டிப்போய்விட்டது, அதை இனி சாதியாகப் பார்க்கக் கூடாது என்பதுதான் இந்த வாதங்களின் சாரம்.

இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவம் தமிழ்நாட்டில் நடந்தது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு அன்றைய தி.மு.க. அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. கட்டபொம்மனின் படைத்தளபதி. அந்தப் பெயரில் வால் இல்லை, பட்டம் இல்லை. வீரன், சுந்தரலிங்கம், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென் மாவட்டங்கள் எரிந்தன, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை ஒட்டுமொத்தமாக நீக்கியது. பல்லவனும் சேரனும் பாண்டியனும் கட்டபொம்மனும் பேருந்துகளிலிருந்து இறங்கினார்கள். காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆனது, வ.உ. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. மன்னர்களும் தலைவர்களும் ஆண்டுக்கணக்காக அந்தப் பேருந்துகளில் பயணம் செய்தபோது யாருக்கும் சாதி தெரியவில்லை. ஒரு பள்ளர் ஏறியவுடன் தெரிந்துவிட்டது. உடனே எல்லோருக்கும் சமமாகப் பெயர் இல்லை என்று ஆனது.

இந்தப் பாலத்தையும் பேருந்துகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'பெயரில் சாதி' என்று நாம் சொல்வது எழுத்தில் மட்டும் இல்லை என்பது புரியும். 'நாயுடு' என்று எழுதியிருந்தாலும் சாதியாகப் படிக்காத கண்கள், எதுவும் எழுதாத சுந்தரலிங்கத்தில் சாதியைப் படித்துவிடுகின்றன.

வாலை வெட்டிய வீடுகளின் பேரப்பிள்ளைகள் இப்போது அதை இன்ஸ்டாகிராமில் ஒட்டவைத்துக்கொள்கிறார்கள். ஆதாரில் ஒற்றைப் பெயர், இன்ஸ்டாவில் பட்டம். அரிவாள், சிங்கம், சாதித் தலைவரின் படம், பின்னணியில் பாட்டு, பதினைந்து நொடி. பட்டத்தைப் போட்டால் பின்தொடர்பவர் கூடுகிறார்கள் என்பது பதினாறு வயதுப் பையனுக்குத் தெரிகிறது. கூடுகிறவர்களை அதேபோன்ற இன்னொரு காணொளிக்கு இழுத்துப் போவது நிறுவனத்துக்கு இலாபம். கல்யாணச் செயலியிலும் 'சாதி தடையில்லை' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். அதைத் தொடாமலே கீழே போய்விடலாம். இந்தியாவில் சாதி மறுப்புத் திருமணம் சுமார் 5 விழுக்காடு என்று 2011-12 இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு சொன்னது. தேடுபொறி அதைக் கூட்டவும் இல்லை, கூட்ட நினைக்கவும் இல்லை. கேட்டதை வேகமாகக் கொடுக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு, நெற்றியில் சாதிப் பொட்டு கூடாது என்றதைத்தான் எல்லோரும் விவாதித்தார்கள். கயிற்றை வைத்துத் தொலைக்காட்சியில் ஒரு வாரம் ஓட்டினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டவை அதிலுள்ள சிறிய பரிந்துரைகள். வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இருக்கக் கூடாது. உதவித்தொகை பற்றிய தகவலை வகுப்பறையில் அறிவிக்காமல் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது பரிந்துரையின் அருமை, "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்கள்லாம் எழுந்திரிங்கடா" என்ற குரலுக்கு எழுந்து நின்றவர்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் நான் எழுந்து நின்றேன். அதுவரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தின்பண்டம் பகிர்ந்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தது நினைவிருக்கிறது.

அந்த உதவித்தொகை இல்லாமல் நான் ஏழாம் வகுப்புக்குப் போயிருக்க மாட்டேன் என்பதும் உண்மை. நண்பரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் என்பது அரசு எங்களுக்குப் பட்டிருக்கும் கடனுக்கான சீட்டு. அதில் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் கடனே இல்லை என்று ஆகிவிடும். கணக்கெடுப்பும் அப்படித்தான். நிலம் யாரிடம், கல்லூரி யாரிடம், நீதிமன்றத்தின் மேசைகளில் யார் என்று எண்ணாமல் பங்கு கேட்க முடியாது. பிரச்சினை எழுதுவதில் இல்லை. கடன் சீட்டை எடுத்துச் சட்டையில் குத்திவிடுகிறார்களே, அதில்தான் இருக்கிறது. சேர வேண்டிய அலுவலகத்தின் அலமாரியில் இருக்க வேண்டிய ஒரு வரி, வகுப்பறையில் உரக்க வாசிக்கப்படுகிறது. வீட்டுக்காரரின் கைபேசியில் திறக்கப்படுகிறது.

எண்ணுவதையும் ஒழுங்காக எண்ண வேண்டும். 1931 கணக்கெடுப்பில் சாதிகளின் எண்ணிக்கை 4,147. 2011 சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன என்று ஒன்றிய அரசு 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. எண்பது ஆண்டில் இந்தியர்கள் அத்தனை சாதியை உருவாக்கிவிடவில்லை. பட்டத்தை, கோத்திரத்தை, உட்பிரிவை, எழுத்துப்பிழையை எல்லாம் தனித்தனிச் சாதியாக அந்தப் பெட்டி விழுங்கியிருக்கிறது. கடைசிப் பெயரை ஒரே ஓர் எழுத்து குறைந்ததற்காக என்னிடம் ஏற்க மறுக்கும் கணினி, நாட்டின் சாதிக் கணக்கில் எதை வேண்டுமானாலும் ஏற்றுக்கொண்டது என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பு முழுக்கக் கைபேசிச் செயலியில் நடக்கப் போகிறது. மக்களே இணையத்தில் நிரப்பவும் வழி உண்டு. பட்டியலை முன்கூட்டியே பொதுவில் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கேட்கிறவர் அதே ஊரின் ஆதிக்க சாதிக்காரராக இருந்தால், எழுதிய விவரம் அன்று மாலையே டீக்கடைக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பதையும் சொல்ல வேண்டும். தனி நபர் விவரம் வெளியே போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வகுப்பறையில் சாதி சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதற்கும்தான் விதி இருந்தது.

என் அக்கா மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். சென்ற பருவத்தில் உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு இணைக்காத மாணவர்களின் பட்டியலை, பெயர், பிரிவு, ஆதாரின் கடைசி நான்கு எண்களோடு ஓர் எக்செல் கோப்பாக வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. யாரும் அதட்டவில்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைத்த ஓர் ஆசிரியர், அவ்வளவுதான். இரவு பத்து மணிக்கு யாரோ சொல்லி, கோப்பை நீக்கினார்கள். அதற்குள் எத்தனை பெற்றோர் இறக்கி வைத்துக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அக்கா பள்ளிக்கு எழுத்துப்பூர்வமாக ஒரு கடிதம் கொடுத்தார். அதில் ஒரே கேள்விதான்: என் பையனின் பெயருக்கு எதிரே இருக்கும் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்க யார் யாருக்கு அனுமதி? கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக முத்திரை போட்டுத் தந்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.